தோள் மூட்டுத் தேய்மானம்: யாருக்கு எந்த அறுவைச் சிகிச்சை?

தலை வாரக் கை எழவில்லை. மேல் அலமாரியிலுள்ள டப்பாவை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தால் உறக்கம் கலைந்துவிடுகிறது. தோள் மூட்டுத் தேய்மானத்துடன் எங்களிடம் வருவோர் பெரும்பாலும் கூறுவன இவையே. உடன் வரும் குடும்பத்தினர் எக்ஸ்-ரே படத்தைக் காட்டி, "உடனே அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா?" என்று கவலையுடன் கேட்கின்றனர். பெரும்பாலும் இதில் அவசரம் இல்லை. படத்தில் தேய்மானம் எவ்வளவு தெரிகிறது என்பதைவிட, அது உங்கள் அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்கியுள்ளது என்பதையே நாங்கள் முதன்மையாகக் கருதுகிறோம்.

மூட்டுக்குள் நிகழ்வது என்ன?

மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற கிண்ணத்தில் அமர்ந்து சுழல்கிறது. இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு படர்ந்துள்ளது. அது தேயும்போது எலும்போடு எலும்பு உரசுகிறது. மூட்டைச் சூழ்ந்துள்ள நான்கு தசைகளின் நாண்கள், பந்து கிண்ணத்தை விட்டு விலகாதபடி காக்கின்றன. இந்தத் தசைநாண்கள் நலமாக உள்ளனவா, கிழிந்துள்ளனவா என்பதைப் பொறுத்தே அறுவைச் சிகிச்சையின் வகை பெரிதும் அமைகிறது. ஆகவேதான் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறோம்.

நீரிழிவு உள்ளோருக்கு அடிக்கடி வரும் 'உறைந்த தோள்' வேறொரு நோய். அதற்கு மூட்டு மாற்று தேவையில்லை.

நான்கு வழிகள்

முதலாவது, சிறு துளைகள் வழியே மூட்டைச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி. தேய்மானம் குறைவாக உள்ள இளையோருக்குச் சில காலம் வலி குறையலாம். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது.

இரண்டாவது, பந்துப் பகுதியை மட்டும் உலோகத்தால் மாற்றுவது. கிண்ணம் தேயாதிருக்கும் சிலருக்கே இது பொருந்தும். பிற்காலத்தில் கிண்ணமும் தேய்ந்து, மறு அறுவை தேவைப்படலாம்.

மூன்றாவது, முழு மூட்டு மாற்று. பந்து உலோகமாகவும் கிண்ணம் உறுதியான பிளாஸ்டிக்காகவும் மாற்றப்படுகின்றன. தசைநாண்கள் நலமாக உள்ளோருக்கு இது நல்ல பலன் தருகிறது.

நான்காவது, தலைகீழ் மூட்டு மாற்று. தசைநாண்கள் கிழிந்தவர்களுக்கு வழக்கமான செயற்கை மூட்டு நிலைத்து நிற்பதில்லை. ஆகவே பந்தைத் தோள்பட்டை எலும்பிலும் கிண்ணத்தை மேற்கை எலும்பிலும் இடம் மாற்றிப் பொருத்துகிறோம். அப்போது தோளின் வெளிப்புறமுள்ள டெல்டாய்டு தசையே கையை உயர்த்தும் பணியை ஏற்கிறது. பிரான்சு நாட்டு மருத்துவர் பால் கிராமோன் 1980களில் உருவாக்கிய இம்முறை, இன்று முதியோர் பலருக்குக் கைகொடுக்கிறது.

எதை எதிர்பார்க்கலாம்?

மூட்டு மாற்றுக்குப் பின் பெரும்பாலோருக்கு வலி நன்கு குறைகிறது. இரவு உறக்கம் திரும்புகிறது. அசைவு எவ்வளவு திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். முதுகுப் பக்கம் கையைக் கொண்டு செல்வது, குறிப்பாகத் தலைகீழ் மாற்றுக்குப் பின், சிலருக்குக் கடினமாகவே இருக்கும். கிருமித் தொற்று, மூட்டு நழுவுதல், நரம்புப் பாதிப்பு, நாளடைவில் செயற்கை மூட்டு தளர்தல் ஆகியன அரிதாகவேனும் நேரக்கூடியவை. கனமான சுமைகளைப் பின்னரும் தவிர்க்க வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் கையைத் தூளியில் தாங்கியிருக்க வேண்டும். அந்நாட்களில் குளிக்க, உடுத்த, உணவைப் பிசைந்து உண்ண உதவி தேவைப்படும். அதற்கான ஆளை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இயன்முறைப் பயிற்சி பல மாதங்கள் தொடரும். அதை விட்டுவிட்டால் அறுவையின் பயன் குறைந்துவிடும்.

அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதலும், புகைப்பழக்கத்தைக் கைவிடுதலும் இன்றியமையாதவை. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதியுடன் எங்களிடம் கூறுங்கள். தொற்றைத் தவிர்க்க, அதன்பின் ஏறத்தாழ 3 மாதங்கள் காத்திருப்பது வழக்கம்.

மாத்திரை, பயிற்சி, ஊசி ஆகியவற்றால் வலி தாங்கும் அளவில் இருந்தால் காத்திருக்கலாம். வலியும் முடக்கமும் மிகுந்து உறக்கம் கெட்டால் தயங்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது ஸ்கேன் படங்களுடன் ஒரு தாளையும் கொண்டுவாருங்கள். எந்த மூன்று வேலைகளை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள் என்பதை அதில் எழுதுங்கள். அறுவைச் சிகிச்சையால் அவற்றுள் எவை கைகூடும், எவை கைகூடா என்பதை அந்தத் தாளை வைத்தே உங்களுடன் பேசி முடிவு செய்வோம்.