மலையும் காலமும் – 9: கச்சான் காட்டும் பஞ்சாங்கம்

சென்ற வாரம் சித்திரைப் பிறப்பைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு ஏறக்குறைய மூன்றரை வாரம் முந்திய நாள்: மார்ச் 20 அல்லது 21. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் நாள். சூரியன் போகும் பாதையைச் சீனர்கள் 15 பாகைக்கு ஒன்றாக 24 பருவங்களாக வகுத்தார்கள். இந்த நாளில் பிறப்பது ‘சுன்ஃபென்’. ஜப்பானில் 1948இல் வந்த சட்டப்படி இது அரசு விடுமுறை. அந்த வாரம் குடும்பத்தோடு போய் முன்னோர் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பார்கள்.

இலங்கையின் ஊவா மலையிலுள்ள கொஸ்லந்தைக்கும் இந்த நாளுக்கும் என்ன சம்பந்தம்? தேயிலைதான். சுன்ஃபென் பிறந்து பதினைந்து நாளில், ஏப்ரல் 4 அல்லது 5இல், ‘சிங்மிங்’ பிறக்கும். அதற்கு முன் பறித்த கொழுந்துக்குச் சீனாவில் தனி மதிப்பு, தனி விலை. ஹாங்சோவின் லோங்சிங் தேயிலையை அப்படித்தான் தரம் பிரிக்கிறார்கள். அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் நான்கு மணி நேர வித்தியாசம். குளிரில் அடங்கிக் கிடந்த செடி, பகல் நீள நீளத் துளிர்க்கிறது.

கொஸ்லந்தையில் அந்த வித்தியாசம் முக்கால் மணி நேரம்தான். ஏப்ரல் 7ஐ ஒட்டிச் சூரியன் உச்சிக்கு நேரே வரும். நண்பகலில் நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. பின்னேரம் இடியோடு மழை. ஆனால் வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்கும் இந்த மலையில், பருவத்தைச் சொல்வது சூரியனல்ல, காற்று.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகிறது. செடி வாடும், கொழுந்து சிறுக்கும். உலகம் தேடி வாங்கும் ஊவா வாசம் அந்த வாட்டத்தில்தான் ஊறுகிறது. பறிப்பவருக்கோ கூடை நிறையாது. தோட்டம் கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஏலத்தில் விலை ஏறும் காலமும் மலையில் நிறை குறையும் காலமும் ஒன்றே.

செப்டெம்பர் 22 அல்லது 23இல் பகலும் இரவும் மறுபடி சமமாகும். அடுத்து வருவது ஐப்பசி மழை. அந்த மழையில்தான் 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

கொழுந்துக்குப் பருவம் பார்க்கத் தோட்டங்களுக்குத் தெரியும். ஆளுக்கும் பருவம் பார்க்க வேண்டும். சரிவில் நிற்கும் லயங்களிலிருந்து குடும்பங்களை ஐப்பசிக்கு முன்பே இறக்குங்கள். உறுதியான நிலத்தில் அவர்கள் பேரிலேயே காணியும் வீடும் கொடுங்கள்.

(தொடரும்)