வாள் செய்த கைகள் வடித்த புகைக்குழாய்... ஜப்பானின் 'கிசெரு' ஏன் இன்று அரிதாகிவிட்டது?

'கின்டாமா' அனிமே பார்த்தவர்களுக்குத் தகாசுகி ஷின்சுகேயை மறக்க முடியாது. ஒரு கண்ணில் கட்டு, பட்டாம்பூச்சி போட்ட கிமோனோ, விரல்களுக்கு நடுவில் ஒல்லியான ஒரு நீண்ட குழாய். மூக்கு நுனியைவிடச் சின்னதாக இருக்கும் அதன் கிண்ணத்திலிருந்து புகை சுருண்டு எழும். பார்க்கும்போது ஏதோ கற்பனைப் பொருள் போலத்தான் தோன்றும்.

ஆனால், அது கற்பனை அல்ல. அதன் பெயர் 'கிசெரு'. சுமார் 300 ஆண்டுகள் ஜப்பானில் விவசாயி முதல் சாமுராய் வரை எல்லோர் இடுப்பிலும் தொங்கிய பொருள். கபுகி நாடக மேடையில் இஷிகாவா கோயேமோன் என்ற கொள்ளைக்காரன் கோயில் வாசல் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து ஊரை ரசிக்கும் புகழ்பெற்ற காட்சியிலும் அவன் கையில் இருப்பது ஒரு பெரிய கிசெருதான்.

இன்றும் ஜப்பானில் கிசெரு விற்பனைக்கு இருக்கிறது. ஆனால், பெரும்பாலும் இயந்திரத்தில் அழுத்தி எடுத்தவை. ஒரு கைவினைஞர் தகட்டை வெட்டி, வளைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்கிய பழைய பாணி கிசெரு கிடைப்பது அபூர்வம். அதைச் செய்யத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாடே பயன்படுத்திய பொருள் இவ்வளவு அரிதாகிப்போனது எப்படி?

வாத்துக் கழுத்தும் லாவோஸ் மூங்கிலும்

சாதாரண கிசெருவுக்கு 3 பாகங்கள். புகையிலை வைக்கும் கிண்ணத்தோடு வளைந்து நிற்கும் தலைப்பகுதிக்கு 'காங்குபி' என்று பெயர். 'காட்டு வாத்தின் கழுத்து' என்று அர்த்தம். உதட்டில் வைக்கும் முனை 'சுய்குச்சி'. இந்த இரண்டும் உலோகம். நடுவில் இருப்பது மூங்கில் தண்டு. அதற்கு 'ராவோ' என்று பெயர். லாவோஸ் நாட்டிலிருந்து வந்த மூங்கிலைப் பயன்படுத்தியதால் அந்த நாட்டின் பெயரே தண்டுக்கு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.

மூங்கிலே இல்லாமல், தலையிலிருந்து வாய் வரை முழுக்க உலோகத்தில் செய்யும் வகையும் உண்டு. அது 'நோபே கிசெரு'. அதில் வெள்ளியில் செய்தவை பணக்காரர்களின் அடையாளம்.

கிண்ணம் ஏன் அவ்வளவு சிறியது? ஜப்பானியர்கள் புகையிலையைத் தலைமுடி போல மெல்லியதாகச் சீவுவார்கள். அதிலிருந்து ஒரு பட்டாணி அளவு எடுத்து உருட்டி வைத்தால் 2 அல்லது 3 இழுப்பு. அவ்வளவுதான். பிறகு மூங்கில் குவளையில் தட்டிச் சாம்பலைக் கொட்டிவிட்டு, வேண்டுமானால் அடுத்த உருண்டை. காகிதத்தை முறுக்கித் திரியாக்கி, குழாய்க்குள் விட்டுச் சுத்தம் செய்வது தினசரி வேலை.

தடையை மீறி வளர்ந்தது

16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கப்பல்களோடு ஜப்பானுக்குள் நுழைந்தது புகையிலை. அடுத்த சில பத்தாண்டுகளில் பழக்கம் காட்டுத்தீயாகப் பரவியது. தெருவில் வம்பு வளர்த்த இளைஞர் கும்பல்கள் பெரிய கிசெருக்களை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தன. சண்டை வந்தால் அதுவே ஆயுதம். 1609-லும் 1612-லும் அரசு தடை போட்டது. தீ விபத்து பயம், நெல் விளைய வேண்டிய நிலத்தில் புகையிலை விளைகிறதே என்ற கவலை என்று அதற்குப் பல காரணங்கள். தடை காகிதத்தில் இருந்தது, குழாய் கைகளில் இருந்தது. கடைசியில் அரசுதான் இறங்கிவந்தது.

கிசெரு எவ்வளவு சாதாரணமான பொருளாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி, மண்ணுக்கு அடியில் கிடைக்கிறது. ஜப்பானில் பழைய கல்லறைகளைத் தோண்டினால், இறந்தவரோடு வைத்துப் புதைத்த கிசெருக்கள் கிடைக்கின்றன. அந்த வாத்துக் கழுத்தின் வளைவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதை வைத்தே அந்த மண் அடுக்கு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தொல்லியல் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். உடைந்த கிசெருவின் கிண்ணத்தைத் தட்டையாக நசுக்கி, செப்புக் காசு போல ஆக்கியவர்களும் உண்டு!

வாள் போனது, குழாய் வந்தது

1876-ல் ஜப்பானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பொது இடங்களில் வாள் அணிய, சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. சாமுராய்களுக்கு அது கௌரவப் பிரச்னை. ஆனால், வாளின் கைப்பிடி, உறை, கைக்காப்பு ஆகியவற்றில் நுணுக்கமான வேலைப்பாடு செய்துவந்த உலோகக் கலைஞர்களுக்கு அது சோற்றுப் பிரச்னை. தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில் ஒரே உத்தரவில் நின்றுபோனது.

அவர்களில் பலர் கிசெரு, புகையிலைப் பையின் கொக்கிகள், அலங்காரப் பொருள்கள் பக்கம் திரும்பினார்கள். செம்பில் சிறிதளவு தங்கம் கலந்து, நீலம் கலந்த கறுப்பு நிறம் தரும் 'ஷாகுடோ', செம்பும் வெள்ளியும் கலந்து சாம்பல் நிறம் தரும் 'ஷிபுய்ச்சி' என்று வாளுக்குப் பயன்படுத்திய அதே உலோகக் கலவைகள் புகைக்குழாய்க்கு வந்தன. விரல் நீளத் தலைப்பகுதியில் நண்டு, நிலா, நாணல் என்று செதுக்கினார்கள். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கிசெருக்களைப் பார்த்து நாம் வியப்பது அந்தக் கைகளைப் பார்த்துத்தான்.

செய்முறையும் எளிதல்ல. உலோகத் தகட்டை வெட்டி, நெருப்பில் காய்ச்சி இளக்கி, இரும்புக் கம்பியின் மேல் சுற்றி, சுத்தியலால் தட்டிக் குழலாக்க வேண்டும். இணைப்பைப் பற்றாசு வைத்து ஒட்ட வேண்டும். கிண்ணத்தைத் தனியாகச் செய்து பொருத்த வேண்டும். பிறகு அந்த வாத்துக் கழுத்து வளைவு. வளைக்கும்போது குழல் நசுங்கிவிட்டால் புகை போகாது, எல்லாம் முதலிலிருந்து. கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆகும் வேலை இது.

ஆணி அடித்த ஊரின் கதை

கிசெரு தொழிலுக்குப் பேர்போன ஊர், நீகாட்டா மாகாணத்தில் உள்ள ட்சுபாமே. ஷினானோ ஆற்றின் வெள்ளம் அடிக்கடி வயலை அழித்ததால், அங்கிருந்த விவசாயிகள் துணைத் தொழிலாக ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். பின்னர் பக்கத்து மலையில் செம்பு கிடைக்க, செம்புப் பாத்திரமும் கிசெருவும் வந்தன. மேற்கத்திய ஆணி இறக்குமதியாகி உள்ளூர் ஆணித் தொழில் படுத்தபோது, ஆணி அடித்த பலரைக் காப்பாற்றியது கிசெரு.

1910-களில் மேஜைக்கரண்டி, முள்கரண்டி செய்யும் ஆர்டர்கள் ட்சுபாமேக்கு வரத் தொடங்கின. கிசெருவுக்கான தேவை குறையக் குறைய, ஊர் கரண்டிக்கு மாறியது. 1991-ல் நோபல் பரிசின் 90-வது ஆண்டையொட்டி விருந்து மேஜைக்குப் போன கரண்டிகள் இந்த ஊரில் செய்தவை. ஆரம்பகால ஐபாட்களின் முதுகுப்பக்கம் கண்ணாடி போல மின்னியது நினைவிருக்கிறதா? அந்தப் பாலிஷ் போட்டதும் ட்சுபாமே பட்டறைகள்தான்.

சுத்தியலால் தட்டிச் செய்யும் இந்த ஊரின் செம்புப் பாத்திரக் கலைக்கு 1981-ல் பாரம்பரியக் கைவினை என்ற அரசு அங்கீகாரமும் கிடைத்தது. ஆக, ஊர் பிழைத்தது. உலோகம் தெரிந்த கைகளும் பிழைத்தன. கிசெரு மட்டும்தான் பின்தங்கிப்போனது.

ஒரு சங்கிலி அறுந்த கதை

ஒரு பொருள் அரிதாவதற்கு அதைச் செய்பவர் இல்லாமல் போவது மட்டும் காரணமல்ல. கிசெருவைச் சுற்றி ஒரு சங்கிலியே இருந்தது. அதன் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன.

முதல் அடி, சிகரெட். மெய்ஜி காலத்தில் வந்த சிகரெட்டுக்கு உருட்டவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம், குழாயைச் சுத்தம் செய்யவும் வேண்டாம். 1904-ல் புகையிலை உற்பத்தி முழுவதையும் அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. ஊருக்கு ஊர் இலை சீவிக்கொண்டிருந்த சிறு வியாபாரிகள் காணாமல் போனார்கள். 1920-களில் சீவல் புகையிலையை சிகரெட் முந்தியது.

அடுத்தது போர். 1941-ல் உலோகப் பொருள்களைத் திரட்டும் ஆணை வந்தது. கோயில் மணிகள் முதல் வீட்டுப் பாத்திரங்கள் வரை உருக்குவதற்குப் போயின. அப்படிப் போன வீட்டு உலோகங்களோடு கிசெருவும் போனது.

மூன்றாவது, 'ராவோயா'. மூங்கில் தண்டில் தார் படிந்து அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டும். அதற்கென்றே சிறிய கொதிகலன் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக வருவார் ராவோயா. நீராவி 'பீ...' என்று ஊதும் சத்தம் கேட்டதும், ஆளாளுக்கு கிசெருவோடு வெளியே வருவார்கள். நம்மூரில் 'பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ' என்ற குரல் கேட்ட தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி நின்றதும், அடைத்துப்போன கிசெரு அலமாரிக்குள் போனது. அங்கிருந்து குப்பைக்கு.

கடைசியாக, புகையிலையே நின்றது. 1979-ல் ஜப்பானில் கிசெருவுக்கான மெல்லிய சீவல் புகையிலை உற்பத்தி முடிவுக்கு வந்தது. பின்னர் 'கோய்கி' என்ற பெயரில் அது மீண்டும் வந்தாலும், அதற்குள் ஒரு தலைமுறை கைமாறிவிட்டது.

பொருள் போனது, பெயர் நிற்கிறது

இதில் ஒரு சுவாரஸ்யம். ஜப்பானில் டிக்கெட் மோசடி ஒன்றுக்கு 'கிசெரு' என்று பெயர். ரயில் ஏறும் இடத்தில் குறைந்த தூரத்துக்கு ஒரு டிக்கெட், இறங்கும் இடத்துக்கு அருகில் ஒரு சீசன் பாஸ். நடுவில் உள்ள நீண்ட தூரத்துக்குக் காசு கிடையாது. இரண்டு முனையிலும் உலோகம், நடுவில் வெறும் மூங்கில். அதாவது, இரண்டு முனையிலும் மட்டும் பணம்! கிசெருவைக் கையில் எடுத்தே பார்க்காதவர்கள்கூட இந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறார்கள்.

வருத்தப்படலாமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். புகைப்பழக்கம் உயிரைக் குடிக்கும் பழக்கம். கிண்ணம் சின்னது என்பதால் கிசெரு பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அப்படியிருக்க, ஒரு புகைக்குழாய் ஒழிந்ததற்கு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

ஆனால், கிசெருவை ஒழித்தது ஆரோக்கியம் அல்ல. 1966-ல், கிசெரு ஏறக்குறைய மறைந்துவிட்ட காலத்தில், ஜப்பானிய ஆண்களில் 83.7 சதவிகிதம் பேர் புகைபிடித்தார்கள். இன்று அது மூன்றில் ஒருவர் என்பதைவிடக் குறைவு. அது நல்ல செய்தி. ஆனால், கிசெரு தோற்றது அதற்கெல்லாம் முன்பே. அதைத் தோற்கடித்தது, இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாகப் புகைக்க வசதி செய்துகொடுத்த சிகரெட். அதாவது, பழக்கம் வளர்ந்தது. அழிந்தது கைவேலை மட்டும்.

டோக்கியோவில் புகையிலைக்கும் உப்புக்கும் சேர்த்து ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1978-ல் ஷிபுயா பகுதியில் திறக்கப்பட்டு, 2015-ல் சுமிதா பகுதிக்கு இடம்பெயர்ந்தது. பழைய கிசெருக்களை அங்கே பார்க்கலாம். புகையிலையே தொடாதவர்கள்கூட அவற்றின் முன் நின்று ரசிக்கலாம். குழாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாத்துவிடலாம். நசுங்காமல் அந்தக் கழுத்தை வளைக்கும் பக்குவத்தை எந்தப் பெட்டிக்குள் வைப்பது? அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மட்டுமே போகும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்போது யாருக்கும் செய்யத் தெரியாத ஏதாவது ஒரு பொருள் இருக்கலாம். பழைய இரும்புக்குப் போடும் முன், அதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டு வையுங்களேன்!