ஜூஜுட்சு: கவசப் போர்க்களத்திலிருந்து லண்டன் மேடைக்கு

ஜப்பானில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி நூறாண்டுகளுக்கும் மேலாக நிலப்பிரபுக்கள் ஓயாது தங்களுக்குள் பொருதிக்கொண்டிருந்த காலத்தை வரலாற்றாசிரியர்கள் செங்கோகு, அதாவது போரிடும் நாடுகளின் காலம், என்று அழைக்கின்றனர். வில்லும் ஈட்டியும் வாளுமே அக்காலச் சாமுராய் வீரனின் முதன்மைப் படைக்கலங்கள் என்றாலும், நெருங்கிய போரில் அவை ஒடிந்தோ கைநழுவியோ போனபின் உயிர் பிழைக்க வேறொரு திறமும் தேவைப்பட்டது. தகடுகளைக் கயிறுகளால் கோத்துச் செய்த கவசத்தை அணிந்தவனைக் கையால் குத்துவதில் பெரும்பயன் இல்லையாதலால், அவனைக் கட்டிப்பிடித்து நிலைகுலைத்துத் தரையில் வீழ்த்தி, அக்குள், கழுத்து போன்ற கவசம் முழுமையாக மூடாத இடங்களில் குறுவாளைச் செலுத்துவதே வழியாக இருந்தது. யோரோய் குமியுச்சி எனப்பட்ட இந்தக் கவச மற்போரே பின்னர் ஜூஜுட்சு என்ற பொதுப்பெயர் பெற்ற கலையின் வேர்.

இக்கலையை ஒழுங்குபடுத்திக் கற்பித்த மரபுகளுள் மிகப் பழையதாகப் பெரும்பாலோர் ஏற்பது, இன்றைய ஒக்காயாமா மாவட்டத்தில் அடங்கும் மிமாசாக்கா பகுதியில் 1532இல் டாக்கெனூச்சி ஹிசாமோரி நிறுவிய டாக்கெனூச்சி மரபு ஆகும். குறுவாளோடும் வெறுங்கையோடும் எதிரியைப் பற்றி அடக்குதல், பிடிபட்டவனைக் கயிற்றால் கட்டுதல் ஆகியவை அதன் பாடங்களில் இடம்பெற்றன. மலையில் நோன்பிருந்த ஹிசாமோரிக்குத் துறவி ஒருவர் தோன்றி இவற்றை அருளினார் என்பது அம்மரபின் தோற்றக்கதை. ஜூஜுட்சுவைச் சீனாவிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்து எடோ நகரில் தங்கிய சென் யுவான்யுன் என்ற அறிஞரே அறிமுகப்படுத்தினார் என்ற கூற்று நெடுங்காலம் வழங்கிவந்தது. அவர் வந்து சேர்வதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே டாக்கெனூச்சி மரபு வேரூன்றிவிட்டபடியால், அவருடைய பங்கு ஒருசில மரபுகளுக்கு ஊக்கமளித்ததோடு நின்றிருக்க வேண்டுமேயன்றி, முழுக்கலைக்கும் அவரை மூலவராகக் கொள்ள இடமில்லை.

1603இல் தொக்குகாவா குடும்பத்தின் ஆட்சி எடோவில் நிலைபெற்று நெடிய அமைதி தொடங்கியதும் கலையின் இயல்பே மாறியது. கவசம் அணிந்தவனை எதிர்கொள்ளும் தேவை குறைந்து, அன்றாட உடையில் இருப்பவன் திடீரெனத் தாக்கும்போது தற்காத்துக்கொள்வதும், குற்றவாளியைக் கொல்லாமல் கைப்பற்றுவதும் முக்கியமாயின. போர்க்களத்தில் பயனற்றிருந்த குத்தும் உதையும் அத்தெமி என்ற பெயரில் இப்போது இடம்பிடித்தன. எதிரியின் சட்டைக்கையும் கழுத்துப்பட்டையும் பிடிமானங்களாயின. யோஷின், கிட்டோ, தென்ஜின் ஷின்யோ எனப் பல ரியூக்கள், அதாவது ஆசிரிய மரபுகள், கிளைத்தன. ஒவ்வொரு ரியூவும் தன் நுட்பங்களைக் கத்தா எனப்படும், இருவர் சேர்ந்து செய்யும் வரையறுத்த அசைவுத் தொடர்களாகப் பயிற்றுவித்தது. அவற்றின் மறைபொருள்களைச் சுருளோலைகளில் எழுதி, தேர்ச்சி பெற்ற மாணவருக்கு மட்டுமே அளித்தது. முறிந்த எலும்பைப் பொருத்துதல், மயங்கியவரைத் தெளிவித்தல் ஆகியவற்றையும் அதே ஆசிரியர்களே கற்பித்தார்கள் என்பது பலரும் கவனிக்கத் தவறும், ஆனால் இக்கலையின் மேன்மையைக் காட்டும் செய்தி.

சிறிய உடலுடையவர் பெரிய உடலுடையவரை வீழ்த்துவதில் மாயம் ஏதுமில்லை. நிற்கும் மனிதனின் எடைமையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் கோடு அவனுடைய இரு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்பில் விழும்வரை அவன் விழமாட்டான். அக்கோட்டை அப்பரப்புக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் எத்துணை வலியவனும் நிலைகொள்ள முடியாது. எதிரி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல் பின்வாங்கி இழுப்பதும், அவன் இழுக்கும்போது அத்திசையிலேயே தள்ளுவதும், அவனுடைய விசையைக் கொண்டே அக்கோட்டை நகர்த்தும் உபாயங்கள். இவ்வாறு சமநிலையைக் கலைப்பதைக் குசுஷி என்பர். மூட்டுப்பிடியில் எதிரியின் கையே நெம்புகோலாகிறது. மணிக்கட்டைப் பற்றி முழங்கையைத் தாங்குபுள்ளியின் மேல் வைத்து அழுத்தும்போது, முன்கையின் நீளம் முழுவதும் அழுத்துபவருக்குத் துணைசெய்வதால் சிறிய விசையும் மூட்டைப் பிறழ்விக்கப் போதுமாகிறது. கழுத்துப்பிடியில், கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் அழுத்தப்படுவதால் சில நொடிகளிலேயே மயக்கம் நேரும். இத்தகைய ஆபத்து உள்ளமையால்தான், தோற்பவர் கையால் தட்டியதும் பிடியை உடனே விடுவது பயிற்சிக்களத்தின் மீறக்கூடாத விதியாக நிலவுகிறது.

1868இல் மெய்ஜி ஆட்சி அமைந்து, 1876இல் சாமுராய்கள் பொதுவிடத்தில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டபின், மேலைநாட்டுக் கல்வியை நாடிய தலைமுறை பழைய கலைகளைப் புறக்கணித்தது. ஜூஜுட்சு ஆசிரியர்கள் பலர் எலும்பு பொருத்தும் தொழிலால் வாழவேண்டியதாயிற்று. பல்கலைக்கழக மாணவரான ஜிகொரோ கானோ, எலும்பு மருத்துவராயிருந்த ஃபுக்குதா ஹச்சினோசுக்கேயிடம் தென்ஜின் ஷின்யோ மரபையும், பின்னர் இக்குபோ சுனெதோஷியிடம் கிட்டோ மரபையும் கற்று, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த அறையில் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார். ஆபத்தான நுட்பங்களைக் கத்தாவுக்குள் ஒதுக்கி, எஞ்சியவற்றை முழுவிசையோடு பயில வகைசெய்த அவருடைய முறையே ஜூடோ. அழிவின் விளிம்பிலிருந்த கலையைக் காத்தது இந்தத் தெரிவுதான் எனலாம்.

மேலைநாடுகளுக்கு இக்கலை சென்ற வழியோ வேறு. ஜப்பானில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் எட்வர்ட் பார்ட்டன் ரைட், நாடு திரும்பியபின் ஜூஜுட்சு, குத்துச்சண்டை, கைத்தடிப் போர் ஆகியவற்றைக் கலந்து பார்ட்டிட்சு என்ற தற்காப்பு முறையை வகுத்து, லண்டனில் ஒரு கழகத்தையும் நடத்தினார். அவருடைய அழைப்பின்பேரில் 1900இல் வந்த, இருபது வயதும் நிரம்பாத யூக்கியோ தானி, கழகம் மூடப்பட்டபின் கேளிக்கை அரங்குகளில் இறங்கி, குறித்த நேரம் தம்மை எதிர்த்து நிற்பவருக்குப் பரிசுப்பணம் என்று அறைகூவினார். எதிர்ப்பவர் ஜப்பானியப் பயிற்சிச் சட்டையை அணிந்து ஜூஜுட்சு விதிப்படியே பொருதவேண்டும் என்பது நிபந்தனையாதலால், தம்மினும் மிகப் பருத்த மல்லர்களையும் அவர் தொடர்ந்து வென்றார். 1904-05இல் ரஷ்யாவை ஜப்பான் வென்ற செய்தி இந்த ஆர்வத்தை மேலும் வளர்த்தது. பாரிஸ் அருகே 1905இல், லண்டனில் பயின்றுவந்த எர்னஸ்ட் ரெய்னியே, சண்டைக்கலைகளில் பேர்பெற்ற ஜார்ஜ் துபுவாவை அரை நிமிடத்திற்குள் பணியவைத்தார். கோடோகானின் மூத்த மாணவரான யமாஷித்தா அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே வெள்ளை மாளிகையில் பயிற்சியளித்தார்.

இவ்வரலாற்றில் தனிக்கவனம் பெறவேண்டியவர் எடித் கார்ரட். ஐந்தடி உயரமும் இல்லாத இப்பெண்மணி, தானியின் தோழரான சதகாசு உயெனிஷி லண்டனில் நடத்திய பள்ளியில் பயின்று, பின்னர் தம் கணவருடன் அப்பள்ளியின் பொறுப்பையே ஏற்றார். வாக்குரிமை கோரிய பெண்கள் சிறையில் உண்ணாநோன்பு இருந்தால் விடுவித்து, உடல் தேறியதும் மீண்டும் கைதுசெய்ய வழிகோலிய சட்டம் 1913இல் வந்தபோது, எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் முதலிய தலைவர்களைக் காவலரிடமிருந்து காக்க அமைந்த மெய்க்காப்புப் படையின் பெண்களுக்கு எடித்தே ஜூஜுட்சு கற்பித்தார். ஆண்களான போர்வீரர்களுக்கென உருவான கலை, தற்காப்பு மிகவும் தேவைப்பட்டோர் கைக்குச் சென்ற இந்நிகழ்ச்சி, மேலைநாட்டு அரங்குகளில் ஈட்டப்பட்ட எல்லா வெற்றிகளையும்விடப் பெரியது.

கோடோகானிலிருந்து 1904இல் அமெரிக்கா சென்று பல நாடுகளில் பொருதிய மித்சுயோ மயேதா, 1914இல் பிரேசிலை அடைந்து பின்னர் பெலெம் நகரில் குடியேறினார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பிமாரும் தரைப்பிடிகளுக்கு முதன்மை தந்து அம்முறையை விரிவாக்கினர். கானோவின் ஜூடோவும் அயல்நாடுகளில் அன்று பழைய பெயராலேயே அறியப்பட்டமையால், கோடோகான் மாணவர் ஒருவர் விதைத்த அக்கலை இன்றும் பிரேசிலிய ஜூஜிட்சு என்றே உலகெங்கும் வழங்குகிறது.