ரூ. 60,000 கோடி தயார். பட்டறையில் பயிற்றுநர் எங்கே?

புது தில்லி: திறன் மேம்பாடு குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் அமைச்சகத்தின் பதிலில் தவறாமல் இடம்பெறுவது எண்ணிக்கைதான். எத்தனை தொழிற்பயிற்சி நிலையங்கள் (ஐடிஐ), எத்தனை இடங்கள், எத்தனை கோடி ரூபாய் என்ற விவரங்கள் அட்டவணையாக இணைக்கப்படும். அங்கு படிக்கும் ஒரு மாணவர் எத்தனை மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்கிறார் என்பது மட்டும் அபூர்வமாகவே அவையின் கவனத்துக்கு வருகிறது.

நாட்டில் 14 ஆயிரத்துக்கும் அதிகமான ஐடிஐக்கள் உள்ளன. நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியார் வசம். தனியார் நிலையங்கள் இவ்வளவு வேகமாகப் பெருகியது எப்படி, அவற்றுக்கு அங்கீகாரம் தரப்பட்டது எப்படி என்று தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2018-இல் கடுமையாகக் கேள்வி எழுப்பியது.

அதிக மாணவர்கள் சேரும் பிரிவுகளில் ஒன்று ஃபிட்டர். இரண்டு ஆண்டுப் படிப்பு. ஒரு பிரிவுக்கு 20 பேர். தொடக்க வாரங்களில் மாணவர் செய்வது, வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை அரத்தால் அராவுவதுதான். சலிப்பூட்டும் வேலை. ஆனால், இரு கைகளின் அழுத்தத்தையும் சமன்செய்து பரப்பை மட்டமாக்கவும், மூலைமட்டத்தை வைத்து இடையில் கசியும் வெளிச்சத்தைக் கொண்டு பிழையைக் கண்டறியவும் அங்குதான் கற்கிறார். அளவில் எவ்வளவு கூடுதல், குறைவு அனுமதிக்கப்படும் என்பதை வகுப்பறை சொல்லித்தரும். அந்த வரம்புக்குள் நிற்பது எவ்வளவு கடினம் என்பதைப் பட்டறைதான் உணர்த்தும். கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் வந்த பிறகும் இதன் தேவை குறையவில்லை. தவறான அளவைக் கொடுத்தால் அந்த இயந்திரம் அதையும் துல்லியமாக வெட்டித் தள்ளும். கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

இந்நிலையில்தான் 2022-இல் பாடத்திட்டம் திருத்தப்பட்டது. ஆண்டுக்கு 1,600 மணி நேரமாக இருந்த பயிற்சி 1,200 ஆனது. ஃபிட்டர் முதலாண்டில் செய்முறைக்கு 840 மணி நேரம், கோட்பாட்டுக்கு 240 மணி நேரம். இதற்கு மேல் ஆண்டுக்கு 150 மணி நேரம் தொழிற்சாலையில் பயிற்சி; வாய்ப்பு இல்லையெனில் குழுத் திட்டப்பணி. அருகில் தொழிற்சாலையே இல்லாத ஊர்களில் அந்த 150 மணி நேரம் காகிதத்தோடு முடிந்துவிடும் அபாயம் உண்டு. இருபது பேருக்குப் போதிய லேத் இல்லாத இடத்தில், 840 என்பது வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்த கணக்கு.

2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஐடிஐ மேம்பாட்டுத் திட்டம், "பிஎம் சேது" என்ற பெயரில் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. மொத்த மதிப்பு ரூ. 60,000 கோடி. மத்திய அரசின் பங்கு ரூ. 30,000 கோடி, மாநிலங்களுடையது ரூ. 20,000 கோடி, தொழில் நிறுவனங்களுடையது ரூ. 10,000 கோடி. ஆயிரம் அரசு ஐடிஐக்கள் தரம் உயர்த்தப்படும். சென்னை, ஹைதராபாத், புவனேசுவரம், கான்பூர், லூதியாணா ஆகிய இடங்களில் உள்ள தேசியப் பயிற்சி நிறுவனங்கள் வலுப்படுத்தப்பட்டு, 50 ஆயிரம் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்.

பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தரலாம். காலி இடங்களுக்கு யார் தருவது? பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவை மத்திய அரசிடம். அரசு ஐடிஐக்களின் நிர்வாகமும் ஆசிரியர் நியமனமும் மாநிலங்களிடம். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடு.

ஐடிஐயில் விடுபட்டதைத் தொழிற்சாலையில் கற்க வழிசெய்வது 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். அதன் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். ஐடிஐ முடித்தவருக்கு அந்த விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ. 7,000. சேர்க்காத நிறுவனத்துக்கு 2014-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் விதித்த அபராதமோ, குறையும் ஒவ்வொரு பழகுநருக்கும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் ரூ. 500, அதன் பிறகு ரூ. 1,000.