நாளைக்கு ஆகட்டும்

சோம்பலுக்கும் காலந்தாழ்த்தலுக்கும் வேற்றுமை உண்டு. மாணவ நேயர்களில் பலர் இரண்டையும் ஒன்றெனவே எண்ணியிருக்கக்கூடும். சோம்பேறி, தான் செய்யப்போவதில்லை என்பதைத் தன் இருப்பினாலேயே அறிவித்துவிடுகிறான். காலந்தாழ்த்துபவனோ, ‘கட்டாயம் செய்வேன், நாளைக்கு ஆகட்டும்’ என்கிறான். இச்சொல்லில் மறுப்பு இல்லை, இசைவே இருக்கிறது. ஆதலால் அவனுடைய மனச்சான்று குத்துவதை நிறுத்திவிட்டு உறங்கப் போய்விடுகிறது. கெடுவார் விரும்பி ஏறும் கலங்கள் நான்கென வகுத்த வள்ளுவரும், சோம்பல் வேறு, நீட்டித்தல் வேறு என்று பிரித்து, நீட்டித்தலையே முதற்கண் வைத்தார்.

இதன் தீமையை நாய்க்கடி ஒன்றைக் கொண்டு விளக்கலாம் என்று கருதுகிறேன். வெறிநாய் கடித்த காயம் சில வேளைகளில் சிறு கீறலாகவே இருக்கும். ஓரிரு நாளில் ஆறியும் போகும். ஆனால் உள்ளே புகுந்த நோய்க்கிருமி நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். இப்பயணத்திற்குப் பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். அவ்விடைக்காலத்தில் காய்ச்சல் இல்லை; கடிபட்டவன் உண்கிறான், உறங்குகிறான். காயத்தைச் சோப்பும் ஓடுகிற நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கினால் அவன் காப்பாற்றப்படுவான். தண்ணீரைக் கண்டதும் தொண்டை இறுகும் நாள் வந்துவிட்டாலோ, பிழைப்பது அரிதினும் அரிது. 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரைக் கடிபட்ட இரண்டாம் நாளே அவன் தாய் அல்சாஸிலிருந்து பாரிஸுக்கு அழைத்துச் சென்று லூயி பாஸ்டர் முன் நிறுத்தினாள். சிறுவன் பிழைத்தான். அத்தாய் ஆறத் தொடங்கிய காயத்தைப் பார்த்து ஆறுதல் கொள்ளவில்லை.

வலியில்லாத இடைக்காலமே காலந்தாழ்த்தலின் பெருந்தீங்கு. ஒன்றும் நேரவில்லை என்று தோன்றும் நாட்களிலேதான் எல்லாம் நேர்ந்துகொண்டிருக்கிறது.

இனி உங்கள் சோதனைச்சாலைக்கு வருவோம். ஊசல் இருபது முறை ஆடும் நேரத்தை அளந்த மாணவன், அளவுகளை அன்றே ஏட்டில் எழுதினால் அது அரைமணி வேலை. ஆண்டு முடிவில் எழுத உட்காருபவனிடம் அளவு குறித்த துண்டுத்தாள் இராது. நண்பனுடைய ஏட்டைப் பார்த்து, எண்களைச் சற்றே மாற்றி எழுதுகிறான். இத்தகைய ஏடுகள் பலவற்றை நான் புரட்டியிருக்கிறேன். முதல் நாளில் உழைப்பாக இருந்த வேலை கடைசி நாளில் பொய்யாக மாறிவிடுகிறது. தள்ளி வைத்த வேலை அதே வேலையாக நமக்காகக் காத்திருக்கும் என்று நம்புவது வீண்.

கிறிஸ்தவ சமய வரலாற்றில் இவ்வுண்மையை அகுஸ்தினாரைப் போல் நுணுகி ஆராய்ந்தவர் சிலரே. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்த அவர், பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் நூலொன்றைப் படித்து மெய்யறிவின்மேல் தீராத வேட்கை கொண்டார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவர் சோம்பியிருக்கவில்லை, கார்த்தேஜிலும் ரோமிலும் மிலானிலும் சொற்கலை கற்பித்துப் புகழ் பெற்றார். தூய வாழ்வைத் தரும்படி இளமையில் கடவுளை வேண்டியதாகவும், ஆனால் அதை இப்போதே தந்துவிட வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டதாகவும் அவரே எழுதிவைத்தார். 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில்தான் அத்தயக்கம் அறுந்தது. அடுத்த ஆண்டு அம்புரோசு ஆயரிடம் திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் தம் மக்களுக்கு அவர் காக்கையைச் சுட்டிக்காட்டினார். நாளை என்பதற்கு இலத்தீனில் ‘கிராஸ்’ என்று பெயர். காக்கை கரைவதும் அவர்கள் செவிக்கு அவ்வாறே கேட்டது. நம் ஊர்க் காக்கை உறவினர் வரவைச் சொல்கிறது. அவர் ஊர்க் காக்கை நாளை, நாளை என்றது!

அந்நூற்றாண்டில் திருமுழுக்கையே தள்ளிவைக்கும் வழக்கம் பரவியிருந்தது. பாவங்களெல்லாம் அதில் கழுவப்படுமாதலால், கடைசியில் பெற்றுக்கொள்ளலாம் என்று பலர் கணக்கிட்டனர். கான்ஸ்டன்டைன் பேரரசரும் 337-இல் இறக்குந் தறுவாயிலேதான் அதைப் பெற்றார். பசிலியார் முதலிய ஆயர்கள் இவ்வழக்கத்தைக் கடிந்து பேசினர். மரணம் முந்திக்கொள்ளும் என்னும் அச்சத்தையே இதற்கு மறுமொழியாகச் சொல்வோர் உண்டு. அது முழு விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை. ஆயுள் நீண்டாலும், கேட்டுக் கேட்டு அசையாதிருந்த நெஞ்சு அசைவதையே மறந்துவிடும் என்பதன்றோ பெரிய இடர்?

விவிலியத்தில் வரும் பேலிக்ஸ் என்னும் உரோமானிய ஆளுநனைப் பாருங்கள். செசரியாவில் சிறைப்பட்டிருந்த பவுல், நீதியையும் தன்னடக்கத்தையும் வரப்போகும் தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது அவன் அஞ்சி நடுங்கினான். உடனே, தக்க சமயம் வாய்க்கும்போது அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பவுலை அனுப்பிவிட்டான். சமயம் வாய்க்காமல் இல்லை. பவுலைப் பலமுறை வரவழைத்துப் பேசினான்; கையூட்டு ஏதேனும் கிடைக்குமா என்பதே அப்போது அவன் எதிர்பார்ப்பு. மீண்டும் நடுங்கியதாக நூலில் குறிப்பில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் பொர்க்கியுபெஸ்து அவன் பதவிக்கு வந்தான். பேலிக்ஸ் பவுலைச் சிறையிலேயே விட்டுச் சென்றான்.