பச்சை ஒளி எங்கே போகிறது?

தீபாவளி இரவில் வானத்தில் பச்சைப் பூ ஒன்று மலர்கிறது. இரண்டே நொடியில் மறைந்துவிடுகிறது. ஒளி மறைந்தது சரி. அந்த ஒளியைத் தந்த பொருள் எங்கே போயிற்று?

வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறுவதில்லை என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே தராசு கொண்டு காட்டினார் பிரெஞ்சு வேதியியலார் லவாய்சியர். இவ்விதி பட்டாசுக்கும் பொருந்தும். எரிந்தது அழிந்துவிடவில்லை, வேறு பொருளாகி, வேறு இடத்துக்குப் போயிருக்கிறது.

பட்டாசு மருந்தில் என்னென்ன உண்டு? எரிவதற்குக் கந்தகம், கரி, அலுமினியப் பொடி. அவை எரிய ஆக்சிஜனைத் தருவதற்கு நைட்ரேட் உப்பு. நிறத்துக்கு உலோக உப்புகள்: ஸ்டிரான்சியம் சிவப்பைத் தரும், பேரியம் பச்சையைத் தரும். பேரியம் நைட்ரேட்டைச் சிவகாசியில் ‘பச்சை உப்பு’ என்பார்கள். ஆக்சிஜன், நிறம் இரண்டையும் அது ஒன்றே தந்துவிடும்.

எரிந்தபின் கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாகிறது. அலுமினியமும் பேரியமும் நுண்துகள்களாகப் புகையில் மிதக்கின்றன. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடும். மற்றவை இலையிலும் மண்ணிலும் நீரிலும் படியும்.

பேரியம் விந்தையானது. வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் பேரியம் சல்ஃபேட் கரைசலைப் போன்ற வெண்கூழைக் குடிக்கக் கொடுப்பதுண்டு. அது நீரில் கரையாததால் உடலில் சேராமல் வெளியேறிவிடும். ஆனால் நீரிலோ வயிற்று அமிலத்திலோ கரையும் பேரியச் சேர்மங்கள் நஞ்சு. தசைகளையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். ஒரு பொருள் தீயதா என்பதை அதன் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்த வடிவில், எவ்வளவு, எங்கே சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புகளைத் தடை செய்தது. அதையடுத்து விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்கள் தவித்தன. நகரத்தின் காற்றுக்காக எடுத்த முடிவின் விலையை முதலில் கொடுத்தவர்கள், ஆண்டு முழுவதும் அந்த மருந்தைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களே!

பின்னர் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் ‘பசுமைப் பட்டாசு’க்கான கலவைகளை உருவாக்கினர். இவற்றில் துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறையும் என்பது கணக்கு. அப்படியானால் மீதி 70? பத்துப் பசுமைப் பட்டாசு வெடித்தால் பழைய பட்டாசு ஏழு வெடித்த அளவுக்குத் தூசி இருக்கலாம். கலவையை மாற்றுவது வேதியியலார் வேலை. எண்ணிக்கையைக் குறைப்பது நம் வேலை.

செய்து பாருங்கள்: தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டருகே அகன்ற இலைகள் இரண்டைத் துடைத்து வையுங்கள். மறுநாள் காலை ஓர் இலையை ஈரமான வெள்ளைப் பஞ்சால் துடையுங்கள். பட்டாசு வெடிக்காத வேறொரு நாளில், அதே கால அளவு விட்டு மற்றொன்றில் செய்யுங்கள். மழை பெய்தால் சோதனை பயன்படாது. இரண்டு பஞ்சையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வானத்தில் மறைந்ததில் ஒரு பங்கு அதில் தெரிகிறதா?