வலென்சியா: ஆறு போன பிறகு கிடைத்த பாதை

ஆற்றோர ஓட்டங்கள் – 7

ஸ்பெயினின் வலென்சியாவில் ஓட வேண்டுமென்றால் முதலில் கீழே இறங்க வேண்டும். சாலையோரப் படிக்கட்டிலோ சரிவிலோ இறங்கியதும் பேருந்துகளின் இரைச்சல் தலைக்கு மேலேயே தங்கிவிடுகிறது. இருபுறமும் பழைய கற்கரை. நடுவில் பைன், பனை, ஆரஞ்சு, ஆலிவ் மரங்கள், அவற்றினூடே மண்பாதை. மேற்கே கபெசேரா பூங்காவில் தொடங்கி, கிழக்கே கலை அறிவியல் நகரத்தின் வெள்ளைக் கட்டடங்கள் வரை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் இப்படியே போகலாம். குறுக்கே வருகிற பாலங்கள் 18. எல்லாமே மேலே கடந்து போகின்றன. ஒரு சிக்னலில்கூட நிற்க வேண்டாம். நகரச் சாலைகளில் ஓடிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூச்சும் காலும் ஒத்துப்போகத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் அங்கெல்லாம் சிவப்பு விளக்கு எரியும்.

நாம் ஓடுவது துரியா ஆற்றுக்குள். ஆறு மட்டும் இங்கே இல்லை.

சென்ற வாரம் செவில்லில் குவாதல்கிவிர் கூடவே வந்தது. வலென்சியாவிலோ தண்ணீர் ஓடிய தடத்தில் மனிதர்கள் ஓடுகிறார்கள். இந்தத் தடம் எப்படிக் கிடைத்தது என்று தெரியாமலும் ஓடலாம், தவறில்லை. தெரிந்துகொண்டால், தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு பாதையிலும் ஓடிப் பார்க்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

துரியா பெரிய ஆறு கிடையாது. தெருவேல் பக்கத்து மலைகளில் பிறந்து மத்தியதரைக் கடலுக்கு வருகிறது. நகரத்தை எட்டுவதற்கு முன்பே அதன் நீரை வாய்க்கால்கள் பிரித்தெடுத்துத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் கொண்டுபோய்விடும். அந்த வாய்க்கால்களின் தகராறுகளைத் தீர்க்கும் தண்ணீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் பேராலய வாசலில் கூடுகிறது. எழுத்து கிடையாது, வழக்கறிஞர் கிடையாது, எல்லாம் வாய்மொழி. யுனெஸ்கோ 2009இல் அதைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. ஆக, ஆண்டின் பெரும்பகுதி நகரத்துக்குள் ஆறு மெலிந்தே கிடக்கும். இலையுதிர்காலத்தில் மட்டும் கதை மாறும். கோடையில் சூடேறிய கடல்மீது குளிர்ந்த காற்று வந்து நிற்கும்போது, மலைகளில் சில மணி நேரத்திலேயே பேய்மழை கொட்டும்.

1957 அக்டோபர் 14 அன்று அப்படித்தான் நடந்தது. அதிகாலையில் ஒரு வெள்ளம். ஓய்ந்தது என்று மக்கள் வெளியே வந்த பிறகு, பிற்பகலில் அதைவிடப் பெரிய இன்னொன்று. பல தெருக்களில் ஆளுயரத்துக்கு மேல் நீர். அதிகாரபூர்வக் கணக்கிலேயே 80 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவி வந்து சேரவில்லை என்று சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசை வெளிப்படையாகக் கண்டித்த நகர மேயர் தோமாஸ் திரேனோர் அடுத்த ஆண்டு பதவியிழந்தார்.

அரசு எடுத்த முடிவு, ஆற்றையே நகரத்திலிருந்து அகற்றுவது. தெற்குத் திட்டம் என்று பெயர். நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, நொடிக்கு 5,000 கன மீட்டர் நீரைத் தாங்கும் புதிய கால்வாய் வெட்டினார்கள். 1969இல் ஃபிராங்கோ வந்து திறந்துவைத்தார். செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே சுமந்தார்கள்: வலென்சியாவிலிருந்து கடிதம் போடுகிறவர், வழக்கமான தபால்தலையோடு இந்தத் திட்டத்துக்கென அச்சிட்ட 25 சென்டிமோ தலையையும் ஒட்ட வேண்டும். அதைவிடப் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் கால்வாய் போன வழியில் இருந்த விவசாயிகள். தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட நிலம் போயிற்று, வீடுகள் இடிபட்டன. லா தோர்ரே போன்ற பேட்டைகள் நகராட்சி எல்லைக்குள் இருந்தபடியே கால்வாய்க்கு அந்தப் பக்கமாகிவிட்டன. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலியான பழைய படுகையை என்ன செய்வது? அதில் நெடுஞ்சாலை போட வரைபடம் தயாராக இருந்தது. மத்ரித்திலிருந்து வரும் வாகனங்கள் நகரின் நடுவே நேராகத் துறைமுகத்துக்குப் போய்விடும். அந்தக் காலப் பொறியாளர்களுக்கு இது மிக இயல்பான யோசனை. ஊர்மக்கள் மறுத்தார்கள். படுகை எங்களுடையது, அது பசுமையாக வேண்டும் என்று சுவர்களில் எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள். உள்ளூர் நாளிதழ் லாஸ் புரோவின்சியாஸ் பக்கம் பக்கமாக எழுதியது. சர்வாதிகாரி 1975இல் இறந்தார். அடுத்த ஆண்டு மன்னர் ஹுவான் கார்லோஸ் படுகையை நகரத்துக்கு ஒப்படைத்தார். எண்பதுகளில் கட்டடக் கலைஞர் ரிகார்தோ போஃபில் திட்டம் வரைந்து கொடுக்க, பகுதி பகுதியாகத் தோட்டம் எழுந்தது. இன்று யாரும் காசு கொடுக்காமல், எந்த நேரத்திலும் இறங்கி ஓடக்கூடிய இந்த மண், அந்தப் போராட்டத்தால் கிடைத்தது. ஓட்டப் பயிற்சிக்கு இதைவிட நல்ல நகர்ப்பாதையை நான் பார்த்ததில்லை.

இனி பாதை. கபெசேராவில் தொடங்குவது நல்லது. அங்கே ஒரு சிறு ஏரியும் மேடும் உண்டு. மேட்டில் ஏறி இறங்கினால் தசை சூடாகிவிடும். அதன் பிறகு முழுக்கச் சமதளம். கிழக்கே போகப் போகப் பாலங்களின் வயது மாறுவதைப் பார்த்துக்கொண்டே ஓடலாம். 15ஆம் நூற்றாண்டில் கட்டிய திரினிதாத் பாலத்தின் கூரிய வளைவுகள் இன்னும் திடமாக நிற்கின்றன. பெரிய நீரைக் கிழிப்பதற்காகக் கட்டிய கல்முனைகள் இப்போது கால் நீட்டித் தசை தளர்த்துகிறவர்களுக்குப் பிடிமானம். சற்றுத் தள்ளி சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த வெள்ளை வளைவுப் பாலம். அதை அடுத்து பூந்தொட்டிகள் அடுக்கிய பாலம். இன்னும் கிழக்கே, படுத்துக் கிடக்கும் பிரம்மாண்ட கலிவர் சிலையின் மேல் குழந்தைகள் ஏறிச் சறுக்குகிறார்கள்.

ஓடுகிறவர்களுக்கென்றே தனித்தடம் ஒன்றை 2015இல் அமைத்தார்கள். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இறுக்கிய மண், முழங்காலுக்கு இதம். நூறு மீட்டருக்கு ஒரு தூரக்குறி இருப்பதால் கையில் கடிகாரம் மட்டும் போதும். இரவில் விளக்கு உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அது வசதி அல்ல, தேவை. வெயில் தாழ்ந்த பிறகுதான் ஊரே ஓட வருகிறது. மிதிவண்டிகளுக்கு வேறு தடம். அதில் ஓடாதீர்கள், இரு சாராரின் எலும்புக்கும் நல்லது.

இந்தப் படுகைக்குள்ளேயே துரியா தடகள அரங்கமும் இருக்கிறது. 2020 அக்டோபர் 7 இரவு, பெருந்தொற்றால் பார்வையாளர் வரிசைகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தபோது, எத்தியோப்பியாவின் லெதெசென்பெத் கிதேய் 5,000 மீட்டரை 14 நிமிடம் 6.62 நொடியில் ஓடினார். அதே இரவில் உகாண்டாவின் ஜோஷுவா செப்தேகேய் 10,000 மீட்டரை 26 நிமிடம் 11 நொடியில் முடித்தார். இரண்டும் அன்று உலகச் சாதனை. மறு ஆண்டு கிதேய் இதே ஊருக்குத் திரும்பி வந்து, தன் முதல் அரை மாரத்தானை 1 மணி 2 நிமிடம் 52 நொடியில் ஓடி இன்னொரு உலகச் சாதனை வைத்தார். கடல்மட்டத்துத் தட்டையான நிலமும் இதமான இலையுதிர்காலமும் சேர்ந்து இந்த ஊரை வேகத்துக்கு ஏற்றதாக்கியிருக்கின்றன. டிசம்பரில் நடக்கும் மாரத்தானின் முடிவுக்கோடு, கலை அறிவியல் நகரத்தின் குளத்து நீர்மேல் போட்ட நீல மேடையில் இருக்கிறது. 2022இல் கெல்வின் கிப்தும் தன் வாழ்வின் முதல் மாரத்தானை அங்கே 2 மணி 1 நிமிடம் 53 நொடியில் முடித்தார். அதன்பின் அவருக்கு வாய்த்தவை இரண்டே மாரத்தான்கள். 2024 பிப்ரவரியில், 24 வயதில், கென்யாவில் சாலை விபத்தில் போய்விட்டார். அந்தக் குளத்தருகே நிற்கும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மற்ற பாதைகளும் உண்டு. கிழக்கே மால்வரோசா கடற்கரை நடைபாதை. அகலமானது, வெயில் கொடுமையானது. வடக்கே அல்போராயா நோக்கிப் போனால் வாய்க்கால் ஓரங்கள், வெங்காயப் பாத்திகள், கோரை இனத்துக் கிழங்கு விளையும் வயல்கள். அந்தக் கிழங்கிலிருந்துதான் ஒர்ச்சாதா என்ற குளிர்பானத்தைச் செய்கிறார்கள். ஆற்றில் நீரையே பார்க்க வேண்டும் என்பவர்கள் மேற்கே ரிபா-ரோஹா, விலமார்சந்த் பக்கம் போகலாம். நாணல் அடர்ந்த கரையில் நீண்ட மண்பாதை இருக்கிறது. தெற்கே எல் சலேர் பைன் காடும், அதன் பின்னே அல்புஃபேரா ஏரியும் நெல்வயல்களும். அந்தக் காட்டையும் எழுபதுகளில் மனைபோட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். மக்கள் எதிர்த்துத் தடுத்ததில் மிஞ்சிய மணல்மேடுகளுக்கு நடுவே இன்று ஓடுகிறோம்.

இப்போது அந்த இன்னொரு பாதை.

2024 அக்டோபர் 27, ஞாயிறு. வலென்சியா அரை மாரத்தானில் எத்தியோப்பியாவின் யோமிஃப் கெஜெல்ச்சா 57 நிமிடம் 30 நொடியில் ஓடி, அன்றைய உலகச் சாதனையை ஒரே நொடி வித்தியாசத்தில் முறியடித்தார். ஊர் கொண்டாடியது. இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, மலையில் மழை கொட்டியது. புதிய கால்வாய் எதற்காக வெட்டப்பட்டதோ அதைச் செய்தது: துரியாவின் வெள்ளத்தைக் கடலுக்குக் கடத்தி, நகர மையத்தைக் காப்பாற்றியது. நம் மண்பாதையில் வெள்ளம் ஏறவில்லை. ஆனால் கால்வாய்க்குத் தெற்கே, போயோ என்ற ஓடை உடைத்துக்கொண்டு வந்தது. பைபோர்தாவில் அன்று மழையே பெரிதாகப் பெய்யவில்லை; அங்கேதான் மிக அதிகமானோர் இறந்தார்கள். கைபேசிகளுக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8:11க்கு. அப்போது பல தெருக்களில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன. மாகாணத்தில் 220க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள்.

சான் மார்செலினோ என்ற நகர்ப்பகுதியிலிருந்து கால்வாயைக் கடந்து லா தோர்ரேவுக்கு ஒரு நடைப்பாலம் இருக்கிறது. வெள்ளம் வடிந்த நாட்களில் நகரத்து இளைஞர்கள் மண்வாரியும் துடைப்பமும் தண்ணீர்க் குடுவைகளுமாக ஆயிரக்கணக்கில் அதில் நடந்து போனார்கள். சேற்றோடு மாலையில் திரும்பி, மறுநாள் காலை மறுபடி போனார்கள். பாலத்துக்கு ஒருமைப்பாட்டுப் பாலம் என்று பெயர் நிலைத்தது. டிசம்பர் 1 அன்று மாரத்தான் நடந்தது. நடத்தலாமா என்ற விவாதம் எழுந்தது நியாயம்தான். பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு நிதி சேர்க்கும் ஓட்டமாக அதை மாற்றியதும் நியாயம் என்றே நினைக்கிறேன்.

வலென்சியாவுக்கு ஓடப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஒரு காலையைத் தோட்டத்துக்குக் கொடுங்கள், மறு காலையை இந்தப் பாலத்துக்கு. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அகன்ற கல்படுகை தெரியும், மரமில்லை, நிழலில்லை. நகரத்துக்குப் பூங்கா கிடைத்தது. தெற்கே இருந்தவர்களுக்குக் கிடைத்தது இது. பூங்காவின் அழகை எழுதுகிற யாரும் இதையும் எழுதியாக வேண்டும். இறங்கினால் லா தோர்ரே. அங்கிருந்து பழைய அரச வீதி பெனெதூசெர், அல்ஃபாஃபார், மசனாசா, கத்தரோஜா என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகிறது. எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பலகை பார்த்துத்தான் தெரியும். கடைத்தெரு என்பதால் வேகம் வேண்டாம், மெல்லோட்டமே சரி. மசனாசாவுக்கும் கத்தரோஜாவுக்கும் நடுவில் போயோ ஓடையைக் கடப்பீர்கள். பெரும்பாலான நாட்களில் அதில் சொட்டு நீர் இருக்காது.

கத்தரோஜாவை அடையும்போது பத்து மணி ஆகும்படி புறப்படுங்கள். வலென்சியாக்காரர்கள் தங்கள் பெரிய காலை உணவுக்கு உட்காரும் நேரம் அது: வேர்க்கடலை, ஆலிவ், கைநீள ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு ஆம்லெட்டோ பொரித்த கணவாயோ, கடைசியில் ரம் கொளுத்திச் சேர்த்த காப்பி. கடற்கரை உணவகத்தில் செலவழிக்க நினைத்த பணத்தை இங்கே செலவழியுங்கள். தரைத்தளத்தில் இருந்த கடைகள்தாம் வெள்ளத்தில் முதலில் போயின. அவற்றைத் திரும்பத் திறந்தவர்களுக்கு வாடிக்கையாளர்கள் தேவை. நகரத்துக்குத் திரும்ப, கத்தரோஜா நிலையத்திலிருந்து புறநகர் ரயில் இருக்கிறது.

(தொடரும்)

அடுத்த வாரம்: சரகோசா, எப்ரோ ஆற்றின் இரு கரைகள்